சொர்க்கம் இந்தப் பக்கம்

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. படகு கரையை விட்டு நகர்வதற்குள்ளேயே வயிறு புரள ஆரம்பித்துவிடும். தீவுகளை வரைந்து வரைந்தே சொந்த வீடு கட்டியவன் நான். ஆனால் போன வாரம் வரை ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. "எங்க அண்ணன் ஃபோட்டோவுலயே நீச்சலடிச்சுக் கரையேறிடுவான்" என்று என் தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான். தீவை நேரில் பார்க்காமலே போஸ்டர் வரைந்தீர்களா என்று. ஆமாம், பார்க்காமல்தான். நான் இங்கே சொல்ல வந்தது வேறு விஷயம். ஆனால் நீங்கள் மேஜைமேல் என் போஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஓரத்தில் மட்டும் டீ டம்ளரை வைக்காதீர்கள். கறை பட்டால் போகாது.

கப்பல் கம்பெனிகள் ஒரு காலத்தில் துறைமுகச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையான நிறங்கள், பெரிய சூரியன், நிழலே இல்லாத ஒரு கடற்கரை, ஒய்யாரமாக ஒரு பெண். இப்போது பெரிய ஹோட்டல்காரர்களுக்கெல்லாம் அந்தப் பாணியில்தான் வேண்டும். பழசு மாதிரி இருக்கணும், ஆனால் புதுசாக இருக்கணும் என்பார்கள். கம்ப்யூட்டரில் செய்தால் அந்தக் களை வராது. அதனால் என்னிடம் வருவார்கள். நான் கல்லில் வரைகிறவன். மழமழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் மெழுகுப் பென்சிலால் வரைந்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல்.

கல்லில் இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. அதனால் கல்லில் எல்லாவற்றையும் மாற்றி வரைய வேண்டும். எழுத்தையும் மாற்றித்தான் எழுத வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று மற்றவர்களே சொல்வார்கள். நீங்கள் நேராக எழுதுகிற வேகத்தில் நான் மாற்றி எழுதுவேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன்.

என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாலு என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் அவளுக்கும் வயதில் பெரிய இடைவெளி. அப்பா போனபிறகு அவளைப் பள்ளியில் சேர்த்தவன், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தவன், நீச்சல் குளத்து வாசலில் ஈரத் துண்டோடு காத்திருந்தவன் நான். பள்ளியில் உயரத்திலிருந்து பாய்ந்து குதிக்கிற போட்டிகளில் அவள் வாங்கிய கோப்பைகள் இன்னும் எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கின்றன. அம்மா தினமும் துடைக்கிறாள்.

அந்தத் தீவில் ஒரு ஹோட்டல். அதன் மேனேஜர் என் பட்டறைக்கு ஒரு ஃபோட்டோவோடு வந்தார். நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, பின்னால் பெரிய குன்று ஒன்று, சின்னக் குன்று ஒன்று. பாறைக்கு ஒரு பக்கம் தண்ணீர் கருநீலம், இன்னொரு பக்கம் இளம்பச்சை. நீலப் பக்கம் நல்ல ஆழம், பச்சைப் பக்கம் தண்ணீருக்கடியிலேயே கூரான பாறைகள் என்று அவர்தான் சொன்னார். அங்கே முன்பு ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்ததாம். முதலாளியம்மா அது கண்ணுக்கு உறுத்துகிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"உங்க போஸ்டரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் குதிக்கணும்னு ஆளுங்களுக்குத் தெரிஞ்சுடணும் சார். பலகை வேலையையும் அதுவே பார்த்துக்கணும்" என்றார் மேனேஜர்.

அப்போது வாலுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பட்டறைக்கு வந்து ஓயாமல் தொணதொணப்பாள். படத்தில் பாறையிலிருந்து குதிக்கிற பெண் வேண்டும் என்றதும், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டூலில் ஏறி நின்றுவிட்டாள்.

"இறங்குடி, ஸ்டூல் ஆடுது."

"நீ வரை. உனக்கு ஓசியில மாடல் கிடைச்சிருக்கு. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடு, கல்யாணப் பொண்ணு."

கைகளை நீட்டி, முதுகை வளைத்து, அவள் நின்றது அவ்வளவு அழகாக இருந்தது. டிரேசிங் பேப்பர் எடுக்க உள்ளறைக்குப் போக வேண்டும். அதற்குள் இறங்கிவிடுவாள். அதனால் கல்லிலேயே நேராக வரைந்தேன். அவளைப் பார்த்து, பக்கத்தில் ஃபோட்டோவைப் பார்த்து, ஒரே மூச்சில். அவ்வளவு உயிரோட்டமாக நான் வேறு எதையும் வரைந்ததில்லை. வழக்கமாக டிரேசிங் பேப்பரில் படம் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டுத்தான் கல்லுக்கு மாற்றுவேன். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. இது வாக்குமூலத்துக்கு முக்கியம் இல்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ப்ரூஃப் பார்க்க மேனேஜர் வந்தார். அரை நாள் உட்கார்ந்திருந்தார். எதற்குத் தெரியுமா? போஸ்டரின் மேலே 'சொர்க்கம் இந்தப் பக்கம்' என்ற வாசகம். அது சொர்க்கமா, சுவர்க்கமா என்று சண்டை. முதலாளியம்மாவுக்கு ஃபோன் போட்டார், அவர் தன் தமிழ் வாத்தியாருக்குப் போட்டார். கடைசியில் சொர்க்கம் ஜெயித்தது. எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு தப்பு இல்ல சார். அச்சடிச்சுடுங்க" என்றார். நானும் பார்த்தேன். தப்பு இல்லை.

மாப்பிள்ளை பல் டாக்டர். சாது. அதிகம் பேச மாட்டார், பேசினால் தமாஷ் பண்ணுவார். நான் மாற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் எனக்கு உல்டா மச்சான் என்று பெயர் வைத்துவிட்டார். கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் பாயசத்தை முதலில் வைக்கச் சொன்னார். "மச்சானுக்கு எல்லாமே கடைசியிலேருந்துதான் ஆரம்பிக்கணும்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்காது என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அப்போது பிடித்திருந்தது.

போஸ்டருக்குக் கூலியோடு, இரண்டு பேர் தங்க ஒரு வாரம் இலவசம் என்றது ஹோட்டல். அதைத்தான் கல்யாணப் பரிசாகக் கொடுத்தேன். படகுத் துறை வரை வழியனுப்பப் போனேன். போஸ்டரில் ஒன்றைச் சுருட்டி வாலு கையில் கொடுத்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"இதுல நீலமா இருக்கு பார், அந்தப் பக்கம் மட்டும்தான் குதிக்கணும். பச்சைப் பக்கம் தலை வைக்காதே. அடியில பாறை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார். சொர்க்கம் இந்தப் பக்கம்" என்று போஸ்டரில் இருக்கிற மாதிரியே கைகளை நீட்டிக் காட்டினாள்.

"மாப்ள, நீங்க கூடவே இருக்கணும். இவ சொன்ன பேச்சுக் கேக்க மாட்டா."

"எனக்குத் தண்ணின்னா வாய் கொப்புளிக்கிற அளவுதான் மச்சான். ஆனா கண்ணை எடுக்க மாட்டேன். கவலைப்படாதீங்க."

கண்ணை எடுக்க மாட்டேன் என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய அன்று ராத்திரியே செய்தி வந்தது. பாறையிலிருந்து விழுந்துவிட்டாள், பச்சைப் பக்கம், தலையில் அடி, தூக்கும்போதே உயிர் இல்லை. மாப்பிள்ளை போலீசிடம் ஒரே வார்த்தை சொன்னார். வழுக்கிட்டா. எங்களிடமும் அதே வார்த்தை. அம்மா அவர் மடியில் விழுந்து அழுதாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றம் செய்தவன் பார்வை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழுக்குகிற பெண் இல்லை வாலு. ஈரப் பலகையின் நுனியில், கட்டை விரலில் நின்று பழகியவள். ஆனால் அது ஒன்றை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி என்று முடிவு செய்வேனா? நான் அவசரக்காரன் இல்லை.

அம்மா அவள் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றாள். மாப்பிள்ளை தன் ஃபோனிலிருந்த படங்களை எனக்கு அனுப்பினார். நிறைய இருந்தன. படகில், ஹோட்டல் அறையில் என் போஸ்டர் பக்கத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு. கடைசியாக ஒன்று, தெரியாமல் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தி வெளிச்சம். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். பாறை நுனியில் வாலு நிற்கிறாள். கைகள் நீட்டி, முதுகு வளைந்து. ஸ்டூலில் நின்ற அதே நிலை, இந்தப் போஸ்டரில் இருக்கிற அதே நிலை. வழுக்குகிறவள் அப்படி நிற்க மாட்டாள். குதிக்கப் போகிறவள்தான் நிற்பாள்.

ஆக, அவள் குதித்தாள், அதைப் பார்த்துக்கொண்டே அவர் படம் எடுத்தார். பிறகு வழுக்கினாள் என்று பொய் சொன்னார். நான் நீலப் பக்கம் குதி என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியவள் எதற்குப் பச்சைப் பக்கம் குதிக்கிறாள்? யாரோ அந்தப் பக்கம் குதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். பாறையில் அவளோடு இருந்தது ஒரே ஒருவர். நீங்கள் என் இடத்தில் இருந்தால் வேறு என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் அதே பாறையில், அதே பக்கம் போக வேண்டும் என்று. ஆத்திரம் இல்லை. ஒரு படத்துக்கு எந்த நிறத்தை முதலில் போடுவது என்று முடிவு செய்கிற மாதிரிதான் இருந்தது. முதலில் வெளிர் நிறம். கடைசியில்தான் அடர்த்தியானது.

அதே வாரம் அந்தப் போஸ்டரின் கற்களைத் தேய்த்துவிட்டேன். மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் படம் கரைந்துபோகும். உங்கள் ஆள் நேற்று பட்டறைக்கு வந்து அவற்றைத்தான் கேட்டார். கல்லை மறுபடி பயன்படுத்துவது எங்கள் தொழில் வழக்கம். மற்ற கற்கள் வருஷக்கணக்கில் அப்படியே அடுக்கியிருக்கின்றனவே என்று கேட்டார். தங்கை முகத்தைத் தினமும் பார்க்க எந்த அண்ணனால் முடியும்?

மாப்பிள்ளை வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு மருந்து வாங்கி வருவார். அம்மாவின் பல் செட்டைச் சரி செய்து கொடுத்தார். "மெதுவா மெல்லுங்க அத்தை. செட்டு என்னோடது, கடிச்சுக்கிட்டா நாக்கு உங்களோடது" என்பார். மகள் போன பிறகு அம்மா சிரித்தது அவர் வருகிற நாட்களில் மட்டும்தான். நானும் அவரை வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள என்று உபசரித்தேன். என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன். சில நாள் அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஊரையே வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கிறவர், தன் வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷம் திரும்பியது. அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய் அவ போன இடத்துல ஒரு பூவையாவது போட்டுட்டு வாங்கப்பா. என்னால அவ்வளவு தூரம் முடியாது."

மாப்பிள்ளை தயங்கினார். நான், "போலாம் மாப்ள. நானும் அந்த இடத்தைப் பார்க்கணும்" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "பார்க்கத்தான் வேணுமா மச்சான்?" என்றார். பிறகு, "சரி, வாங்க. எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அங்க வெச்சுப் பேசறதுதான் சரி" என்றார்.

படகில் எனக்கு வழக்கம்போல் ஆனது. மாப்பிள்ளை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார், எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார், வாயைத் துடைத்துவிட்டார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஹோட்டல் வரவேற்பறையில் என் போஸ்டர் பெரிய சட்டத்தில் மாட்டியிருந்தது. சாப்பாட்டறையில் ஒன்று, ஒவ்வோர் அறையிலும் ஒன்று. மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லோரும் போஸ்டர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம், அப்புறம் பாறைக்குப் போய் அதே மாதிரி நின்று ஒரு படமாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பாறைக்குக் காலையில் போனோம். படகுக்காரர் எங்களை மணலில் இறக்கிவிட்டு, மீன் பார்க்கிறேன் என்று வளைவைத் தாண்டிப் போய்விட்டார். நல்ல வெயில். பாறை நுனி வரை நடந்தோம். மாப்பிள்ளை பையிலிருந்து பூவை எடுத்தார். கூடவே சுருட்டி வைத்திருந்த போஸ்டரை எடுத்தார். நான் வாலு கையில் கொடுத்த அதே போஸ்டர்.

"எந்தப் பக்கம் குதிச்சா மாப்ள?" என்று கேட்டேன்.

இடது பக்கம் காட்டினார். போஸ்டரில் இடது பக்கம் நீலம். கண்ணெதிரே இருந்த கடலில் இடது பக்கம் பச்சையாக இருந்தது. வலது பக்கம் நீலமாக இருந்தது. கடல் நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது, அது எல்லா ஓவியனுக்கும் தெரியும்.

"அவ வழுக்கலை மச்சான்" என்றார்.

"தெரியும். நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தேன்."

"பார்த்துட்டீங்களா?" பூவைப் பாறையில் வைத்தார். "அப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

அவர் போஸ்டரை விரித்தார். படம் கடலைப் பார்க்கும்படி, வெள்ளைப் பின்புறம் எங்களைப் பார்க்கும்படி, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெயிலில் படம் தாளை ஊடுருவித் தெரிந்தது. பெரிய குன்று, பெரிய குன்று இருக்கிற பக்கம் வந்தது. சின்னது, சின்னது இருக்கிற பக்கம். நீலம் வலது பக்கம் போனது.

"நான் நாள் பூரா சின்னக் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டு, பல்லை மாத்திப் பார்த்து வேலை செய்யறவன் மச்சான். அவளைத் தூக்கிக் கரையில போட்டதுக்கப்புறம் இந்தக் குன்றைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு. குதிக்கிறதுக்கு முன்னாடி அவளும் பார்த்தா. 'அண்ணன் குன்றையெல்லாம் இடம் மாத்திட்டான் பாரு, அழகுக்காக'ன்னு சிரிச்சா. இருட்டற நேரம், தண்ணில வித்தியாசமே தெரியலை. 'இந்தப் பக்கம்னு நிச்சயமா தெரியுமா'ன்னு கேட்டேன். 'எங்க அண்ணன் போட்டிருக்கான்'னா. அவ்வளவுதான்."

அவர் போஸ்டரை இறக்கினார்.

"குதிச்சான்னு சொல்லியிருந்தா ஏன் அந்தப் பக்கம்னு கேட்டிருப்பாங்க. போஸ்டர் வெளியில வந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க உயிரோட இருக்க மாட்டீங்கன்னு பயந்தேன். அத்தைக்கும் மீதி இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் வழுக்கிட்டான்னு சொன்னேன். கடைசி வரைக்கும் சொல்லாமலே இருந்திருப்பேன் மச்சான்."

"அப்புறம் இப்ப ஏன் சொல்றீங்க?"

"போன மாசம் ஒரு காலேஜ் பையன் அந்தப் பக்கம் குதிச்சிருக்கான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மேனேஜர் சொன்னார். இனிமே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது பாவம். நீங்களே மேனேஜர்கிட்டச் சொல்லுங்க, போஸ்டரை எல்லாம் கழட்டச் சொல்லுங்க. காரணம் வேற ஏதாவது சொல்லிக்கலாம். நான் கூட நிக்கறேன். யார் மேலயும் தப்பு இல்லை மச்சான். அவ மேல இருந்த ஆசையில வரைஞ்சது."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. என் தோளில் கை வைத்தார்.

தயவுசெய்து நிதானமாக யோசித்துப் பாருங்கள். என் தங்கையைச் சாகவிட்டவர், ஒரு வருஷம் என் வீட்டில் காபி குடித்தவர், கடைசியில் பழியை என் கையிலேயே திணிக்கிறார். அதுவும் என்னைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில். யாருக்கு வேண்டும் அந்தத் தயவு? ஒரு தாளைத் திருப்பிப் பிடித்தால் எல்லாம்தான் மாறும்.

"பூவைப் போடுங்க மாப்ள" என்றேன்.

குனிந்தார். இடது பக்கம்தான் போட்டார். நான் முதுகில் கை வைத்தேன், படகில் அவர் எனக்கு வைத்த மாதிரியே. பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்க்கக்கூட நேரம் இருக்கவில்லை. சத்தம் தண்ணீரில் விழுந்த சத்தம் மாதிரி இல்லை. அங்கே அவ்வளவு ஆழம்தான் இருந்தது.

முழங்கால் அளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கை அசைந்துகொண்டிருந்தது. இறங்கித் தூக்கியிருக்கலாம். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முதலிலேயே சொன்னேன். பாறையில் உட்கார்ந்து, போஸ்டரை மடிப்பு விழாமல் சுருட்டினேன். படகுக்காரர் வந்தபோது ஒரே வார்த்தை சொன்னேன். வழுக்கிட்டார்.

எல்லோரும் நம்பிவிட்டார்கள். அம்மாவும் நம்பினாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பல் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டவள், அதன் பிறகு அதை மாட்டிக்கொள்ளவே இல்லை.

நான் சும்மா இருந்திருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். ஆனால் அந்த மேனேஜர் பயந்துபோய், ஒரே இடத்தில் மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார். நீங்கள் பாறையை ஆராய்ந்தீர்கள், பிறகு போஸ்டரை எடுத்தீர்கள். நேற்று உங்கள் ஆள் பட்டறைக்கு வந்து கல் எங்கே, ஃபோட்டோ எங்கே என்று கேட்டுவிட்டுப் போனதும் எனக்குப் புரிந்துவிட்டது, விசாரணை தப்பான திசையில் போகிறது என்று. அதனால்தான் நானே வந்தேன். மூன்றாவது ஆள் வழுக்கவில்லை, நான் தள்ளினேன். தங்கைக்காகப் பழி வாங்கினேன். இது கொலை. என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதில் போஸ்டருக்குச் சம்பந்தம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எழுதாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஹோட்டலிலிருந்து அவற்றைக் கழற்றச் சொல்லி நீங்கள் நீட்டுகிற அந்தத் தாளிலும் போட மாட்டேன். இது சீசன் நேரம், இன்றைக்கே ஆட்கள் வந்து இறங்குவார்கள் என்கிறீர்கள். வரட்டும். பார்க்கத்தானே வரைந்தேன்.

சற்று முன்பு என்னைக் கூப்பிட்டு, அந்தக் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் போஸ்டரைத் தூக்கிப் பிடித்தீர்கள். பக்கத்தில் மேனேஜரிடம் வாங்கிய ஃபோட்டோவை வைத்தீர்கள். பார்த்தேன். குன்று பொருந்துகிறது என்றீர்கள், பாறை பொருந்துகிறது, நீலமும் பொருந்துகிறது என்றீர்கள். இருக்கலாம். ஆனால் நீங்கள் மேலே பார்க்கவே இல்லையே. கண்ணாடியில் சொர்க்கம் என்ற சொல்லை உங்களால் வாசிக்க முடிந்ததா? எல்லாம் மாறிக் கிடந்தது. அப்படி ஒரு போஸ்டரை நான் என் பட்டறையிலிருந்து வெளியே விடுவேனா?

அதை மறுபடி மேஜைமேல் வையுங்கள். டம்ளரை நகர்த்திக்கொள்ளுங்கள். இப்போது விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை.